தேசிங்கின் மூன்று ஜாடிகள்

போன மாதம் உங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு வந்திருந்தேன் அல்லவா, அப்போது ஒரு தம்பியின் மேசைக்கடியில் பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று கண்ணில் பட்டது. மேலே புஜம் புடைத்த ஒருவனின் படம். என்னப்பா இது, கோலமாவா என்று கேட்டேன். "கிரியேட்டின் சார். ஜிம்முக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு ஸ்பூன்" என்றார். நான் சிரித்த சிரிப்பில் புரையேறி, நீங்கள் எல்லாம் தண்ணீர் கொண்டு ஓடி வந்தீர்கள். கிழவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்திருப்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் கடையில் வாங்கிக் கரைத்துக் குடிக்கிற அந்தச் சாமானை நாங்கள் மூத்திரத்தில் தேடிக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

அன்றைக்குக் காரணம் சொல்ல நேரமில்லை. இப்போது எழுதுகிறேன். இதில் மூன்று தவறுகள் வருகின்றன. மூன்றும் என்னுடையவை. முதல் இரண்டைப் பற்றி அப்போதே வருத்தப்பட்டேன். மூன்றாவதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது, கூடவே கொஞ்சம் வெட்கமும்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். கிரியேட்டின் என்பது தசைக்குள் அடுக்கி வைத்திருக்கிற விறகு. சட்டென்று ஒரு பாரத்தைத் தூக்கும்போது முதலில் கைகொடுப்பது அதுதான். அதிலிருந்து மிஞ்சுகிற சாம்பல் கிரியேட்டினின். கறாராகப் பார்த்தால் இந்த உவமை சரியில்லை என்று உங்களுக்கே தெரியும். கதைக்கு இது போதும். சாம்பல் தினமும் மூத்திரத்தோடு வெளியே போகும். ஆளுக்கு ஆள் அளவு வேறுபடும், ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் பெரிதாக மாறாது. உடம்பில் எவ்வளவு தசையோ அவ்வளவு சாம்பல். ஆனால் வளர்ந்த ஆண்பிள்ளையின் மூத்திரத்தில் எரியாத விறகு வரக் கூடாது. வந்தால், அதைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தசைக்குத் தெம்பில்லை என்று பொருள். குழந்தைகள் கதை வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய் மூன்று நாலு வருஷம் ஆகியிருக்கும். எனக்கு இருபத்து நாலு வயது. புதுச்சேரியில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம், பெரிய டாக்டரின் பெயரும் வேண்டாம். அவர் நம்மூர்க்காரர்தான், படித்ததெல்லாம் பிரெஞ்சில். எந்தப் பேச்சையும் 'அலோர்' என்றுதான் தொடங்குவார். அப்படியானால் என்று அர்த்தம். அதற்கு முன்னால் யாரும் எதுவும் பேசியிருக்க மாட்டார்கள். ஆனாலும் காலையில் அறைக்குள் நுழைந்ததும் நாற்காலியைப் பார்த்து 'அலோர்' என்பார். தசை வியாதிகளில் அவருக்குத் தனி ஆர்வம். பாரிசில் இருந்து வருகிற சஞ்சிகைகளைப் படித்துவிட்டு, இங்கே நாமும் கிரியேட்டின் அளந்து பார்க்கலாம் என்று தொடங்கினார். அளக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

அதற்குப் பகல் இரவு சேர்த்து இருபத்து நாலு மணி நேர மூத்திரம் வேண்டும். உங்களுக்கு இன்றைக்குக் கோடு போட்ட கேன் வருகிறது. எங்களிடம் இருந்ததோ ஒயின் ஜாடி. பச்சைக் கண்ணாடி, வெளியே பிரம்பு பின்னல், கழுத்து வரை ஊற்றினால் மூன்று லிட்டர். ஊரில் சாராயக் கடைக்கும் ஒயின் கடைக்கும் பஞ்சமில்லாததால் காலி ஜாடிக்கும் பஞ்சமில்லை. உள்ளே இருப்பது கெட்டுப்போகாமல் இருக்க அடியில் கொஞ்சம் டொலுவீன் ஊற்றித் தருவோம். பெயிண்ட் கடை வாசனை அடிக்கும். வழியில் உடையாமல் இருக்க வைக்கோல் திணித்த மரப்பெட்டி ஒன்று. பெட்டியும் ஜாடியும் நிறைந்தால் நல்ல கனம். இந்தக் கனம் பின்னால் முக்கியமாகப்போகிறது.

தேசிங்கு என்பவர் காலாப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்து மீனவர். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு காலத்தில் கட்டுமரத்தின் நடுக்கட்டையைத் தனியாகத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் நடந்தவராம். எங்களிடம் வந்தபோது முக்காலியிலிருந்து எழுந்திருக்க இரண்டு தொடையிலும் கையை ஊன்ற வேண்டியிருந்தது. விரல் நடுங்கியது, ஓயாமல் வியர்த்தது, குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். இரண்டு ஆள் சோறு சாப்பிட்டும் எலும்புதான் மிச்சம். கட்டுமரம் அவர் மனைவி அஞ்சலையின் அண்ணனுடையது. மச்சானுடைய இடத்தை அந்த அண்ணன் காலியாக வைத்திருந்தார். தேறமாட்டார் என்று தெரிந்தால் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டாக வேண்டும். கடல் யாருக்காகவும் காத்திருக்காது என்று என்னிடமே சொன்னார்.

பெரிய டாக்டருக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, தசை தானாகவே கரைந்துபோகிற வியாதி. அதற்கு மருந்து கிடையாது. இன்னொன்று, கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பி வெளியே வீங்காமலேயே கூத்தடிப்பது. அதற்கு மாத்திரை உண்டு, ஆனால் சென்னைக்கு எழுதித் தனியாக வரவழைக்க வேண்டும். இப்போதுபோல் ரத்தத்தில் பார்த்துச் சொல்கிற வசதியெல்லாம் எங்களிடம் இல்லை. ஒன்றரை மாதத்துக்கு மாத்திரை கைவசம் இருந்தது. கொடுத்துப் பார்ப்போம், மூத்திரத்தில் கிரியேட்டின் இறங்கினால் சுரப்பிதான், மேற்கொண்டு மாத்திரைக்கு எழுதலாம். இறங்காவிட்டால் நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். ஆக, தேசிங்கின் கால்கள், கட்டுமரத்தில் அவர் இடம், மேற்கொண்டு வேண்டிய மாத்திரை எல்லாம் நான் அளந்து சொல்லப்போகிற ஒரு எண்ணில் வந்து நின்றன.

அளப்பதற்கு மூன்று நாள் முன்பிருந்து மீன், கறி, கருவாடு எதையும் தொடக் கூடாது. அவற்றிலும் கிரியேட்டின் இருப்பதால் கணக்கு குழம்பும். இதை ஒரு மீனவர் வீட்டில் போய்ச் சொல்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அஞ்சலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்போ சோத்துக்கு என்னாத்த ஊத்துறது?"

பருப்பு, கத்திரிக்காய், மோர் என்று அடுக்கினேன்.

"எங்க வூட்ல பருப்பு வேகுதுன்னா, யாருக்கு என்னா ஆச்சுன்னு குப்பமே வந்து நிக்கும் தம்பி."

நான் நம்பவில்லை. மூன்றாம் நாள் ஜாடியோடு போனபோது வாசலில் எட்டுப் பத்துப் பேர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தேசிங்கு உயிரோடுதான் இருக்கிறார் என்பதை அவர்களுக்கு விளக்கி அனுப்ப அஞ்சலைக்கு அரை நாள் ஆயிற்று. அவர்களில் ஒரு பெரியவர், எப்படியும் வந்ததுதான் வந்தோம் என்று கடைசி வரை எழுந்திருக்கவே இல்லை.

ஜாடியைக் கொண்டுபோய்ச் சேர்த்ததே ஒரு கதை. முத்தியால்பேட்டையைத் தாண்டினால் சென்னை மாகாணத்து எல்லை. கொஞ்ச தூரம் அதில் போய்த்தான் மறுபடி நம் காலாப்பட்டுக்குள் நுழைய முடியும். நம் பக்கம் சாராயம் ஆறாக ஓடியது, அந்தப் பக்கம் மதுவிலக்கு. எனவே எல்லையில் ஒரு கம்பு, கம்புக்குப் பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள். சைக்கிள் கேரியரில் ஒயின் ஜாடியைக் கட்டிக்கொண்டு போகிறவனை அவர் விடுவாரா? போகும்போது ஜாடி காலி என்று காட்டினேன். அடியில் இருந்த டொலுவீனை முகர்ந்துவிட்டு, இது என்ன புதுச் சரக்கு என்று வெகுநேரம் யோசித்தார். ஒரு கரண்டி அளவுதான் இருந்ததால், பெயரை எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்.

மறுநாள் போய் எடுத்துக்கொண்டு திரும்பும்போது ஜாடி நிறைந்திருந்தது.

"எல்லாரும் அங்கேர்ந்து இங்க கடத்துவான். நீ இங்கேர்ந்து அங்க கடத்துறியே, என்னா விஷயம்?"

"மூத்திரம் சார்."

தேங்காயெண்ணெய், கஷாயம், கோயில் தீர்த்தம் என்று எத்தனையோ பொய்யை அவர் கேட்டிருப்பார். இப்படி ஒன்றை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் போலிருக்கிறது. இவ்வளவு துணிச்சலான பொய் என்றால் உள்ளே இருப்பது உயர்ந்த சரக்காகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, நான் தடுப்பதற்குள் தக்கையைப் பிடுங்கி மூக்கை உள்ளே விட்டுவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததை எழுத மாட்டேன். கடமையைச் செய்த மனிதர். ஆனால் அன்றுமுதல் என் சைக்கிள் தூரத்தில் தெரிந்தாலே கம்பு தானாக மேலே போய்விடும். சில மாதம் கழித்து, கூச்சத்தோடு ஒரு சின்னப் பாட்டிலை நீட்டி, அவருடையதையும் ஒரு பார்வை பார்த்துச் சொல்லும்படி கேட்டார். பார்த்தேன். சர்க்கரை இல்லை.

இனி என் முதல் தவறு. முதல் ஜாடியை எடுக்கப் போன அன்று அது கழுத்து வரை ததும்பி நின்றது. தேசிங்கு குடித்த தண்ணீருக்கு அது வியப்பில்லை. ஆனால் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. டவுனில் நான் பார்த்த நோயாளிகள் பாதி ஜாடி கொடுத்துவிட்டு மீதியை மறந்துபோய்க் கொல்லைக்குப் போய்விட்டோம் என்பார்கள். அந்தக் கடுப்பில் அஞ்சலையிடம் சொன்னேன்.

"ஜாடி நெறைய இருக்குக்கா. ரொம்ப நல்லா பண்ணிருக்கீங்க. எல்லாரும் இப்படிக் குடுத்தா எனக்குக் கவலையே இல்ல."

அஞ்சலையின் முகம் மலர்ந்துபோயிற்று. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின மாதிரி பக்கத்து வீட்டுப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பெட்டியைக் கேரியரில் ஏற்றினோம். தேசிங்கு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதவ முடியவில்லையே என்று அவர் கண் கலங்கியது. இனி மீன் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

எதிர்பார்த்தபடி கிரியேட்டின் நிறைய வந்தது. சாம்பலான கிரியேட்டினின் குறைவாக இருந்தது. அவ்வளவு இளைத்த உடம்பில் அதற்குமேல் இருக்க முடியாது. மாத்திரை தொடங்கியது.

ஒன்றரை மாதம் கழித்து மறுபடி மூன்று நாள் பருப்பு, மறுபடி ஜாடி. இந்த முறை குப்பத்தில் யாரும் துக்கம் விசாரிக்க வரவில்லை, பழகிவிட்டார்கள். ஜாடி அதே கழுத்து வரை, அதே மட்டத்தில் நிறைந்திருந்தது. எனக்கு அன்று சைக்கிள் பின் டயரில் காற்று இறங்கிக்கொண்டே இருந்தது. குனிந்து அதையே அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் நிமிர்ந்தபோது பெட்டி கேரியரில் ஏறி, கயிறு கட்டி முடிந்திருந்தது. நல்லதாகப் போயிற்று என்று, இனி மீன் சாப்பிடலாம் எனப் பொதுவாகக் குரல் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

கூடத்தில் அளந்தேன். கிரியேட்டின் இறங்கவில்லை. முதல் ஜாடியில் இருந்த அதே அளவு, ஒரு இம்மி கூடுதல் என்றுகூடச் சொல்லலாம். மறுபடி அளந்தேன். மூன்றாம் முறையும் அதே எண்தான். அந்த வீட்டில் நாலு பிள்ளைகள், மூத்தவனுக்கே பத்து வயதுதான். தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த மனிதர் கண்ணுக்கு முன்னால் வந்தார். இனி அவர் தூணை விட்டு வரப்போவதில்லை என்று கரைசல் சேர்த்ததில் எனக்கு முன்னால் ஆரஞ்சாகியிருந்த தண்ணீர் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது என்று சொல்வதில் வெட்கமில்லை.

இப்போது இரண்டாவது தவறு. கூடவே கிரியேட்டினினையும் அளந்திருந்தேன். அது முதல் ஜாடியைவிடச் சரியாக இரண்டு மடங்கு வந்தது. இது நடக்கிற காரியமில்லை என்று எனக்குத் தெரியும். எனவே கரைசல் கலந்ததில் நான்தான் ஏதோ சொதப்பிவிட்டேன் என்று நினைத்தேன். சொன்னால் மானம் போகும். டாக்டர் கேட்டது கிரியேட்டினைத்தானே? அதை மட்டும் துண்டுக் காகிதத்தில் எழுதினேன். மற்றதை நோட்டிலேயே விட்டுவிட்டேன். தம்பிகளே, தங்கைகளே, நம் வேலையில் பொய் எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. அசிங்கமாக இருக்கிற எண்ணை எழுதாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். அன்றைக்கு நான் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தேன்.

காகிதத்தோடு டாக்டர் அறைக்குப் போனபோது மணி மூன்றரை. சென்னைக்குத் தபால் நாலு மணிக்குக் கட்டுவார்கள். கைவசம் மாத்திரை இரண்டு நாளைக்குத்தான் இருந்தது. அன்று எழுதினால்தான் இடைவெளி இல்லாமல் வரும். டாக்டர் கடிதத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு என் காகிதத்துக்காகக் காத்திருந்தார். வாங்கிப் பார்த்தார். பேனாவின் மூடியை மெதுவாகத் திருகி மூடினார்.

"அலோர், இன்னொரு எண் எங்கப்பா?"

மழுப்பினேன். மீன் சாப்பிட்டிருப்பார்கள் டாக்டர், மீனவர் வீடு, அஞ்சலைக்கு மனசு கேட்டிருக்காது என்றேன். அவர் கையை நீட்டியபடியே இருந்தார். கடைசியில் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு மடங்கைப் பார்த்தவர் முதலில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார், பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கத் தொடங்கினார். ஒன்றரை மாதத்தில் தேசிங்கு இரண்டு ஆளாகிவிட்டாரா, இனி வீட்டில் நாலு ஆள் சோறு வடிக்க வேண்டுமே என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரைசல் கெட்டிருக்கலாம் டாக்டர் என்றேன். அப்படியானால் இன்று அளந்த மற்ற நோயாளிகளுக்கும் இரண்டு மடங்கு வந்ததா என்று கேட்டார். வரவில்லை. மீன் தின்றால் இரண்டு மடங்காகுமா? ஆகாது, அதற்கு ஒரு படகு மீன் தின்ன வேண்டும்.

மணி மூன்றே முக்கால். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"ஆளப் பாத்தியா?"

பார்த்தேன் என்றேன். எப்படி இருந்தார்? நன்றாகத்தான் இருந்தார். நன்றாக என்றால்? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் பார்த்தது ஜாடியை, டயரை. ஒன்றரை மாதம் கழித்துப் பார்க்கிற நோயாளியின் முகம் எனக்கு ஞாபகம் வரவில்லை.

"சரி விடு. பெட்டிய சைக்கிள்ல தூக்கி வெச்சது யாரு?"

நான் வைக்கவில்லை. அஞ்சலை தண்ணீர்க் குடத்தோடு அப்போதுதான் தெருவில் வந்துகொண்டிருந்தார். கயிற்றில் போட்டிருந்தது கட்டுமரக்காரன் முடிச்சு. கூடத்துக்கு வந்து அதை அவிழ்க்கமுடியாமல் கத்தியால் அறுத்தேன். "தேசிங்குதான் தூக்கி வெச்சிருக்காரு, டாக்டர்" என்றேன்.

டாக்டர் பேனாவைத் திறந்து கடிதத்தை எழுத ஆரம்பித்தார். மூன்று மாத மாத்திரைக்கு. எண் இன்னும் அதேதானே டாக்டர், காரணம் தெரியவில்லையே என்று நான் இழுத்தேன். காரணத்தை நாளைக்குப் போய்த் தெரிந்துகொண்டு வா, தபால் நாளைக்கு வரை நிற்காது என்றார். அவர் எழுதி முடித்ததும் கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு தபாலாபீசுக்கு ஓடினேன். பை கட்டுகிறவர் அரக்கு உருக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பத்து நிமிஷத்தில் டாக்டர் எடுத்த முடிவை இத்தனை வருஷமும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு எண் தப்பு என்று தெரிந்தபின், எப்படித் தப்பு என்று தெரியாவிட்டாலும், அதை வைத்து ஒரு மனிதரின் மருந்தை அவர் நிறுத்தவில்லை. அவ்வளவு எளிய விஷயம். எனக்கு அது தோன்றவே இல்லை.

மறுநாள் குப்பத்துக்குப் போனேன். எனக்கு மீன் சந்தேகம் இன்னும் போகவில்லை. கொஞ்சம் மீனும் கொஞ்சம் வேறு ஏதோவும் என்று வைத்துக்கொண்டிருந்தேன். அஞ்சலையிடம் நேராகவே கேட்டுவிட்டேன். அவர் உள்ளே போய், இருக்கிற சட்டி பானைகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து என் முன்னால் கவிழ்த்தார்.

"மோந்து பாரு. மூணு நாளு எங்க வூட்டுப் பூனகூட வெளிய போயி தின்னுட்டு வந்துது. என்னிய பாத்தா பொய் சொல்றவ மாரி தெரியுதா?"

பூனை அப்போது சாட்சி சொல்ல வந்ததுபோல் வந்து நின்றது. நான் தலையைச் சொறிந்துகொண்டு, ஜாடியில் இரண்டு ஆளுக்கான அளவு இருக்கிறதே அக்கா என்றேன். அஞ்சலை சட்டென்று அடங்கிப்போனார். பதில் வேறு பக்கத்திலிருந்து வந்தது. நாலு வயதுக் கடைக்குட்டிப் பெண் பெருமையாகச் சொன்னாள்.

"நானும் பேஞ்சேன். அண்ணனும். ஜாடிய ரொப்புனது நாங்கதான்."

பிறகு எல்லாம் வெளியே வந்தது. மாத்திரை வேலை செய்து தேசிங்கின் தாகம் அடங்கியிருக்கிறது. தண்ணீர் குறைய, ஜாடியில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. அஞ்சலை விடியற்காலையில் எழுந்து ஜாடியைப் பார்த்துப் பதறிப்போனார். போன தடவை நிறைந்திருந்தது, தம்பி வாயார நல்லது என்றான். இந்தத் தடவை இவ்வளவுதான் என்றால் ஆளுக்கு உடம்பு வற்றிப்போயிற்று என்றுதானே டாக்டர் நினைப்பார்? பிள்ளைகளை எழுப்பி வரிசையில் நிறுத்தினார். அப்படியும் மட்டம் எட்டவில்லை. மீதியைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கொறஞ்சுதுன்னா மருந்த நிறுத்திப்புடுவீங்களோன்னு பயந்துட்டேன் தம்பி. நீதான நெறஞ்சா நல்லதுன்ன?"

ஆமாம், நான்தான் சொன்னேன். முன்னால் தள்ளிவைத்த விஷயத்துக்கு இப்போது வருகிறேன். குழந்தைகளின் மூத்திரத்தில் கிரியேட்டின் இயல்பாகவே இருக்கும், பெண்களுக்கும் சில சமயம் வரும். தேசிங்கின் தசை எரியாத விறகை வெளியே விடுவதை நிறுத்தியிருந்தது. அதைச் சரிக்கட்டி, பழைய அளவுக்கே கொண்டுவந்து நிறுத்தியவர்கள் அந்த நாலு பிள்ளைகள். அப்பா குணமானதை அப்பாவின் ஜாடியிலிருந்தே அழித்திருக்கிறார்கள், அதுவும் நான் ஒரு வார்த்தை பாராட்டியதால். மாத்திரை நிற்கக் கூடாது என்று அஞ்சலை செய்த காரியம், மாத்திரையையே நிறுத்தப் பார்த்தது.

மறுபடி மூன்று நாள் பருப்பு, மூன்றாவது ஜாடி வைத்தோம். இந்த முறை ஒன்றும் சொல்லக் கூடாது என்று சபதம் எடுத்துக்கொண்டு போனேன். நல்லது, கெட்டது, போதும், போதாது, எதுவும் என் வாயிலிருந்து வரக் கூடாது. மறுநாள் எடுக்கப் போனபோது ஜாடியில் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. அஞ்சலை அதை, விருந்தாளிக்கு அரை டம்ளர் காப்பி கொடுக்கிறவர் மாதிரி கூசிக்கொண்டு காட்டினார். தேசிங்கு பெட்டியை ஒரு கையால் தூக்கிக் கேரியரில் வைத்தார். இந்த முறை கண்ணை எடுக்காமல் பார்த்தேன். புஜத்தில் சதை திரண்டு அடங்கியது. எனக்குச் சொல்ல நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு "சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தேன்.

கிரியேட்டின் இருந்த இடம் தெரியவில்லை. நோட்டை, இரண்டு எண்ணும் தெரியும்படி விரித்தபடியே, டாக்டரிடம் ஓடினேன். பார்த்துவிட்டு 'அலோர்' என்றார். சென்னையிலிருந்து மாத்திரை வந்தது. அஞ்சலையின் அண்ணன் வந்து வாங்கிக்கொண்டு போனார். கட்டுமரத்தில் மச்சான் பழைய இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார். கதை சுபம் என்று நான் வேறு ஜாடிகளைப் பார்க்கப் போய்விட்டேன்.

இரண்டு மாதம் இருக்கும். ஒரு காலையில் தேசிங்கு கூடத்து வாசலில் வந்து நின்றார். தலையில் கூடை, கூடையில் கை நீளத்துக்கு வஞ்சிரம். கரையிலிருந்து நேராக நடந்தே வந்திருக்கிறார். கூடையைத் தானே இறக்கி, தானே தூக்கி டாக்டர் மேசைமேல், சஞ்சிகைகளுக்கு நடுவில் வைத்தார். டாக்டர் தடுக்கவில்லை. கிளம்பினார், வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"சார், ஒண்ணு கேக்கணும். அஞ்சல கேட்டுக்கினு வரச் சொல்லுச்சு."

கேளுங்கள் என்றேன்.

"நானு மீனு எப்போலேர்ந்து திங்கலாம்?"

முதல் ஜாடிக்குப் பிறகு சொன்னேன், இரண்டாவதுக்குப் பிறகும் சொன்னேன். மூன்றாவது ஜாடி அன்று, வாயைத் திறப்பதில்லை என்ற சபதத்தில், அதையும் விழுங்கிவிட்டிருக்கிறேன். அந்த மனிதர் இரண்டு மாதமாக விடியற்காலையில் கடலுக்குப் போய், வலை நிறைய மீன் பிடித்துக் கரைசேர்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து கத்திரிக்காய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்கு மீன் குழம்பு, பக்கத்தில் இவருக்குப் பருப்பு. அந்த வீட்டின் மேல்தான் நான் மீன் பழியைச் சுமத்தி, சட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு வந்தேன்.

"இன்னிக்கே திங்கலாங்க. இப்பவே" என்றேன்.

"நீங்க இன்னும் சொல்லலயேன்னுதான் சார் இருந்தோம்" என்று சொல்லிவிட்டு, ஒரு மாதிரி சிரித்துக்கொண்டு படியிறங்கினார். தெருவுக்கு வந்ததும் நடக்கவில்லை, ஓடினார்.